பிலிமில் நொய்யரிசி

இது நடந்தது. சாப்பிடாதவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கலாம். சாப்பிட்டவர்கள் படிக்காமலிருப்பது நல்லது. பொய் சொல்வதென்றால் இதைவிட வாசனையான பொய்கள் எனக்குத் தெரியும்.

1953, ஆடி மாதம். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்து, இருட்டறையில் பிலிம் கழுவுவது என் வேலை. புதுக்கடைப் பக்கமிருந்து பொன்னுலிங்கம் தன் மனைவி செல்லத்தாயைக் கூட்டி வந்திருந்தான். இடது மார்பில் கட்டி. படத்தில் நொய்யரிசி சிதறியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

டாக்டர் ஆபேல் பிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"மாருல என்னம்மா பூசினே?"

"பதியில தந்த நாமத்த கொழச்சுப் பூசினேன், டாக்டரே."

பதி என்றால் அய்யாவழிக்காரர்களின் கோயில்; நாமம் என்றால் அவர்கள் நெற்றியில் இடும் வெள்ளை மண்.

"மண்ணும் படத்துல வெள்ளையாத்தான் விழும். கழுவிட்டு வா. புள்ளி போச்சுண்ணா வீட்டுக்குப் போலாம். போகலேண்ணா உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கு, புத்துநோய்தான். மாரை எடுக்கணும்."

தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள். மறுபடம் எடுத்தேன்.

"போயிருக்கும், இல்லியா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

நான் இருட்டறைக்குள் போய்த் தாழிட்டேன். வெளியே உச்சிவெயில். உள்ளே எப்போதும் நடுச்சாமம்தான். சிவப்பு விளக்கு. பிலிமை மருந்துத் தொட்டியில் இறக்கினேன்.

மருந்து நாற்றம் எனக்குப் பழக்கம். இது வேறு. புளித்த பால்... அதற்கடியில் செத்த எலி...

புள்ளிகள் எழுந்தன. போகவில்லை. இப்போது சிதறியும் இல்லை. மேலே ஒரு வளைவு. கீழே ஒரு வளைவு.

ச்சப்... ச்சப்...

தொட்டிக்குள்ளிருந்து.

"யாரு?"

நின்றது.

என் பெருவிரலை ஏதோ கவ்வியது. வழவழப்பு. வெதுவெதுப்பு. பல்லில்லாத ஈறு. சப்பியது.

இழுத்தேன்.

விடவில்லை...

டாக்டர் கதவைத் தட்டினார். விரல் வந்தது. அதில் திரிந்த பால் கட்டிகட்டியாக. காலையில் தின்ற புட்டும் பயறும் என் சட்டைமேலேயே வந்தன.

"உள்ளேதான் இருக்கு. எடுத்தாகணும்" என்றார் டாக்டர். செல்லத்தாய் சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் எடுத்தார்கள். எடுத்ததைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, "இதையும் ஒரு படம் எடும்" என்று என்னிடம் தந்தார்கள். மஞ்சள் கொழுப்பு, கிண்ணம் முழுக்க வழிந்தது. மூச்சைப் பிடி என்று அதனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

பிலிம் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"பிலிமை மாத்திப்போட்டீரா வே?"

"இல்ல டாக்டரே."

உடம்பிலுள்ளது மண்ணுக்குத்தான் போகணும் என்று பொன்னுலிங்கம் வெட்டியெடுத்த மாரை வாழையிலையில் பொதிந்து கொண்டுபோனான். தையல் பிரிக்க அவளைக் கூட்டி வந்த அன்று, என்னைத் தனியே அழைத்தான்.

"பிள்ளைக்க பக்கத்துல புதைக்கப் போனேன் அண்ணாச்சி."

"எந்தப் பிள்ளை?"

"போன வருசம் செத்துது. பால்குடிப் பிள்ளை. பல்லு மொளைக்கல்ல. மழையில குழி இளகிக் கெடந்துது... தோண்டும்போ மம்பெட்டி தட்டிச்சு. மண்டை மேல வந்துட்டு."

"பின்னே?"

அவன் செல்லத்தாய் இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"மேலயும் கீழயும் நொய்யரிசி கணக்கா, வாய் நெறைய பல்லு, அண்ணாச்சி."