துரையை நீ என்றவர்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் சரசு. மேல் லயத்து வரிசை வீட்டு மருமகள் புருஷனை நீ, வா, போ என்று கூப்பிடுகிறாளாம். அது பொறுக்காமல் மாமியார்க்காரி அடுப்பைத் தனியாகப் பிரித்துக்கொண்டாளாம். ஒரு சொல்லுக்காக ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இரண்டு அடுப்பு, இரண்டு புகை! நீ சிரிக்கிறாய். இதே சொல்லால் எங்கள் பெரியம்மாவுக்கு அந்தக் காம்பராவே இல்லாமல் போகப் பார்த்தது, தெரியுமா? உட்கார், அந்தப் பலகையை இழுத்துப் போட்டுக்கொள். வெள்ளைக்கார துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மட்டும் ஒரு துரை போகாமல் இருந்தார். மழை அவருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். வட்டவளை மழை யாருக்குப் பிடிக்கும் சொல்லு, அட்டைக்குத்தான் பிடிக்கும்.

என்னை வளர்த்தவள் பெரியம்மா. அம்மாவுக்கு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்ததால், மூத்தவளான என்னைத் தன் அக்காவிடம் விட்டிருந்தாள். பெரியம்மாவுக்குப் புருஷன் செத்துப்போய்விட்டார், பிள்ளை இல்லை. நானும் அவளும் ஒரு காம்பரா. பக்கத்துக் காம்பராவில் அவளுடைய தம்பி, எனக்கு மாமா. ஸ்டோரில் தேயிலை அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை.

இந்த மாமாவைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். அவரைப் போல ஒரு மனிதரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. சின்ன வயதில் ஒரு பாதிரியார் அவருக்கு இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய வேதப் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாமா மதம் மாறவில்லை. முருகன் படத்துக்குக் கீழே அந்தப் புத்தகத்தை வைத்து, இரண்டுக்கும் சேர்த்தே சூடம் காட்டுவார். வேலை விட்டு வந்து கைகால் கழுவி, வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். யாருக்கும் ஒரு எழுத்துப் புரியாது. இருந்தாலும் லயமே கேட்கும். கோயிலில் மந்திரம் மட்டும் புரிந்தா கேட்கிறோம்? எனக்கு இன்றைக்கும் எழுத்துத் தெரியாது, ஆனால் மாமா வாசித்த அந்த ராகம் அப்படியே காதில் இருக்கிறது. அவருக்கு ஒரே ஒரு குறை. இவ்வளவு இங்கிலீஷையும் வைத்துக்கொண்டு பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை.

அந்த ஆள் கிடைத்த கதையைக் கேள்.

ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெரியம்மாவின் கூடையைக் கணக்கப்பிள்ளை கவிழ்த்துவிட்டான். புதிதாக வந்த இளவட்டம், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. முற்றல் இலை கலந்திருக்கிறதாம்.

"கொழுந்தா இது? மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு வந்தியா? வாடி இங்க!"

பெரியம்மாவுக்கு அவனைப் போல இரண்டு பங்கு வயது. இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீ ஒங்க ஆத்தாளயும் இப்பிடித்தான் கூப்புடுவியா?"

அவ்வளவுதான். சுற்றி நின்ற பொம்பளைகள் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், மீதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரிப்புத்தான் வினையாகிப்போனது. அவள் கேட்ட கேள்வி அவனுக்கு உறைக்கவில்லை. ஆரம்பத்தில் இருந்த அந்த நீதான் உறைத்தது. அன்றைக்குத் தோட்டத்தில் அது சட்டம் மாதிரி. கணக்கப்பிள்ளை அரும்பு மீசைக்காரனாக இருந்தாலும் அவனுக்கு ஐயா, நீங்க, வாங்க. நமக்கு, நரைத்த கிழவியாக இருந்தாலும், நீ, வாடி. விடியற்காலை வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பேர் வெட்டு என்று சொல்லி அனுப்பினான். பேரை வெட்டினால் வேலை போகும். வேலை போனால் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். பெரியம்மாவுக்குப் போக ஒரு இடமும் கிடையாது. என்னை அம்மாவிடம் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

லயமே வந்து கெஞ்சியது. "கும்புட்டுட்டுப் போயேன் அக்கா, கையி தேஞ்சா போகும்?" என்று மாமாவும் சொல்லிப் பார்த்தார். பெரியம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "சாமியக் கும்புடுற கையி இது. அந்தப் பயலக் கும்புட்டா சாமிக்கு என்ன மிச்சம்?" என்றாள். அப்படிப்பட்ட பொம்பளை. நான் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தேன். அம்மா வீட்டுக்குப் போனால் கடைசித் தம்பியை இடுப்பில் சுமக்க வேண்டும் என்பதுதான் என் பெரிய கவலை.

பெரட்டில் அவள் கும்பிடவில்லை, வழக்கு துரையின் ஆபீசுக்குப் போனது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், பின்னால் மாமா. துரை அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தார், காலடியில் சிவப்பு நாய். கிளாக்கர் ஐயாதான் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வேண்டியவர். அவரும் கணக்கப்பிள்ளையும் ஒரே வெற்றிலைப் பெட்டி. இனி அங்கே இங்கிலீஷில் நடந்ததையெல்லாம் மாமா பிறகு எங்களுக்குச் சொன்னபடி சொல்கிறேன்.

இந்தப் பொம்பளை கணக்கப்பிள்ளையை மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டாள் என்றார் கிளாக்கர். என்ன சொன்னாள் என்று துரை கேட்டார். "யூ" என்று சொன்னாள் ஐயா என்றார் கிளாக்கர். அப்புறம் என்ன சொன்னாள்? அப்புறம் ஒன்றுமில்லை ஐயா, யூ என்று சொன்னாள். துரை முழித்தார். நானும் உன்னை யூ என்றுதான் சொல்கிறேன், ராணிக்கு முன்னால் நின்றாலும் யூ என்றுதான் சொல்வேன், இதிலே என்ன குற்றம்? கிளாக்கர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். யூவிலே கெட்ட யூ ஐயா என்கிறார், சின்ன யூ ஐயா என்கிறார், கையைத் தரையோடு தாழ்த்தியெல்லாம் காட்டுகிறார். அவருடைய அத்தனை படிப்பிலும் அந்தக் குற்றத்தைப் போட அவசரத்துக்கு ஒரு சொல் அகப்படவில்லை! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. வேறு யாராவது சொல்லுங்கள் என்பது போலக் கையை விரித்தார். அப்போதுதான் மாமா முன்னால் வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைக் கூப்பி, கண்ணை மூடி, வாசலில் வாசிக்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"துரையே! நீ மலையின்மேல் வீற்றிருக்கிறாய். நீ மழையையும் வெயிலையும் பார்க்கிறாய். இந்த விதவை உன் தோட்டத்திலே கொழுந்து பறித்தாள். அவளை நீ தள்ளிவிடாதிருப்பாயாக!"

கிளாக்கர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"டேய்! தொரயவே நீங்குறியா? யூன்னு சொல்லாம தௌ, தௌங்குறியே, அது பழங்காலத்து நீடா மடையா!"

கணக்கப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களாய்யா? குடும்பமே இப்பிடித்தாங்க."

மாமா கூப்பிய கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். "ஐயோ, மரியாத கொறச்சலா சொல்லலைங்க! அந்தப் பொஸ்தகத்துல சாமியவே அப்பிடித்தாங்க கூப்புடுறாங்க. சாமிக்குக் குடுக்குற மரியாதைக்கு மேல தொரைக்கு நான் எங்கங்க போவேன்?"

பெரியம்மாவின் கை என் கையை நெரித்தது. அக்கா கணக்கப்பிள்ளையை நீ என்றாள், தம்பி துரையையே நீ என்றார். ஒரு பேருக்குப் பதிலாக இரண்டு பேர் வெட்டுப்படப் போகிறது என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது.

துரை சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல் என்றார். மாமா அதே ராகத்தில் இன்னொரு தரம் சொன்னார். துரை எழுந்து ஜன்னலுக்குப் போய், மூடியிருந்த பனியைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவருடைய ஊர் இங்கிலாந்தில் வடக்கே, இதே மாதிரி மலையாம். ஆடு மேய்க்கிற மலை. அங்கே அவருடைய பாட்டி அவரைத் தௌ என்றுதான் கூப்பிடுவாளாம். பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினபோது, அந்தச் சொல் வாயில் வந்ததற்கு வாத்தியார் பிரம்பால் அடித்தாராம். அதிலிருந்து அவர் சொல்லவில்லை. பாட்டி போனபிறகு அவரிடம் சொல்லவும் ஆளில்லை. இவ்வளவு காலம் கழித்து, கடல் தாண்டி, கொழுந்துக் காட்டுக்கு நடுவில், ஸ்டோர் வேலைக்காரன் வாயிலிருந்து கேட்கிறேன் என்றாராம்.

அப்புறம்தான் மாமாவிடம் அவர் அந்தப் பெரிய கதையைச் சொன்னார். ஆதியில் அவர்களுக்கும் நம்மைப் போலவே இரண்டு சொல் இருந்ததாம். ஒரு ஆளுக்குத் தௌ, பல பேருக்கு யூ. பிறகு ராஜாவுக்கும் பிரபுவுக்கும் ஒரு ஆளாக இருந்தாலும் யூ போட ஆரம்பித்தார்களாம், நாம் நீங்க போடுவது போல. அதைப் பார்த்த செட்டியும் தையற்காரனும் எங்களுக்கும் யூ போடு என்றார்களாம். யாரை எப்படிக் கூப்பிட்டால் சண்டை வருமோ என்று பயந்து, கடைசியில் எல்லாரும் எல்லாருக்கும் யூ போட்டுவிட்டார்களாம். தௌ கோயிலிலும் மலைக்காட்டிலும் ஒளிந்துகொண்டதாம். என்ன அதிசயம் பார் சரசு! அங்கே பிச்சைக்காரனும் நீங்க, ராணியும் நீங்க, நாயும் நீங்க! அந்தச் சிவப்பு நாயைத் துரை அதட்டும்போதெல்லாம் நீங்க போட்டுத்தான் அதட்டியிருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை.

கதை முடிந்ததும் துரை கேட்டார், அந்தப் பொம்பளை முழுதாக என்னதான் கேட்டாள் என்று. நீ உன் தாயையும் இப்படித்தான் கூப்பிடுவாயா என்று கேட்டாள் என்றார் மாமா. துரை கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி, அதற்குப் பதில் சொல் என்றார். அரும்பு மீசைக்காரன் தரையைப் பார்த்தான். நாயைப் பார்த்தான்.

பேர் வெட்டு இல்லை. கும்பிடவும் வேண்டாம். துரையே வாசல்வரை வந்து, தனக்குத் தெரிந்த மலைத் தமிழில் பெரியம்மாவிடம் சொன்னார்.

"நீ போ. நாளைக்கு கொழுந்து எடு. நீ வா."

கீழே இறங்கும்போது மாமாவின் கால் தரையில் படவில்லை. எத்தனையோ வருஷம் காத்திருந்த பேச்சைப் பேசிவிட்டாரே! தேயிலைச் செடியைத் தட்டித் தட்டிக் காட்டி எங்களுக்கு விளக்கினார். தன் புத்தகத்தில் இருப்பது கிளை கழிக்காத, கவ்வாத்து வெட்டாத இங்கிலீஷாம். அதிலே போ, வா என்கிற சொல்லுக்கெல்லாம் நீ என்கிறதுக்கு ஒரு வால், அவன் என்கிறதுக்கு ஒரு வால் என்று நீண்டு கிடக்குமாம், நாம் போனாய், போனான் என்று சொல்வது போல. பிறகு வந்தவர்கள் எல்லா வாலையும் கவ்வாத்து வெட்டி மட்டமாக்கி, அவன் என்கிறதுக்கு மட்டும் 'ஸ்' என்று ஒரு துண்டு வாலை மிச்சம் வைத்தார்களாம். மனிதர் புத்தி எங்கேயெல்லாம் போயிருக்கிறது பார். நான் வழியில் நின்ற ஆட்டைப் பார்த்து, "ஆட்டுக்குட்டிங்களே, தள்ளி நில்லுங்க, நாங்க போறோம்" என்றேன். மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்து மலைத் திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

"அதெல்லாஞ் சரிடா தம்பி. கடைசியா என்னயப் பாத்து 'நீ வா'ன்னாரே தொர. அது அவங்க பாட்டி சொன்ன நீயா, நம்ம கணக்கப்புள்ள சொல்ற நீயா?"

மாமா ஆபீஸ் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பெரிய புத்தகத்தைப் படித்தவருக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்கானால் எரிச்சல். நீ என்றால் நீதானே, இதில் பாட்டி நீ என்ன, கணக்கப்பிள்ளை நீ என்ன? பேர்தான் வெட்டுப்படவில்லையே, காம்பராதான் இருக்கிறதே, மழை வேறு வருகிறது, இவள் எதற்காக நடுவழியில் நிற்கிறாள் என்று அவள் படங்கைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. ஏதோ காதில் விழப்போவது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு...

ஐயையோ சரசு, ரொட்டி கருகுதடி! கல்லை இறக்கிவிட்டு வருகிறேன், இரு.