கமராவில் அம்மா இன்னும் கதிரையில்

இன்று காலை கிண்ணியாவில் வேலையில் இருந்தபடி, வீட்டுக் கமராவைப் போனில் பார்த்தேன். மறதி நோயுள்ள அம்மா விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா அழைத்தார்.

“தம்பி, அம்மா பவுசர் லொறி ஓடுற ரோட்டில நிண்டவ. கையைப் பிடிச்சு வச்சிருக்கிறன்.”

“இல்லை அக்கா, அம்மா வீட்டிலதான் இருக்கிறா.”

அக்கா போனை அம்மாவிடம் கொடுத்தார்.

“சாப்பிட்டியே?” என்று அம்மா கேட்டார். திரையில் அவர் அசையாமல் இருந்தார். அதன் பிறகுதான் திரையில் எழும்பி, கேற்றைத் திறந்து வெளியே போனார்; படம் அவ்வளவு பிந்தி வந்திருக்கிறது.

பின்னேரம், சுவரில் கமரா பூட்டித் தந்தவர் வந்து இன்டர்நெட் ரவுட்டரைக் கமராவுக்குக் கிட்ட வைத்தார், படத்தின் தரத்தைக் குறைத்தார்.

“இனி படம் ரெண்டு செக்கன்தான் பிந்தும். அதுக்குக் கீழ குறைக்க ஏலாது.”

அந்த இரண்டு செக்கனும் அம்மா எங்கே இருப்பார்?

நீங்களும் கமராவை நம்பித்தான் வேலைக்குப் போகிறீர்களா?