தள்ளி வைத்த குட்டைச் செடிகள்

எங்கள் மலையில் நட்ட ஞாவல் (நாவல்) செடிகள் செத்ததற்கு நாங்கள் தண்ணீர் விடாததுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் நாற்றங்கால் அலுவலர். பொய். கொன்றது அவர். கூட நின்றவன் நான்.

பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறேன். ஜீப் ஓட்டுகிறேன். ஐந்து வருடங்களுக்கு முன்னால் வீடுகளுக்குப் பின்னால் உள்ள சரிவில் கொஞ்சம் மண் இடிந்தது. வேர் மண்ணைப் பிடிக்கட்டும் என்று ஞாவல் நட முடிவானது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, உச்சியில் காற்றில் வளைந்து நிற்கும் ஞாவல் மரங்களுக்கடியில் கொட்டை பொறுக்கிக் கொடுத்தார். திற்பரப்புப் பக்கம் அடிவாரத்தில் பொறுக்கிய கொட்டையும் வந்தது. இரண்டையும் கீழே ஒரே நாற்றங்காலில், ஒரே மண்ணில் வளர்த்தார்கள்.

செடிகளை ஜீப்பில் ஏற்றப் போன அன்று அடிவாரத்துச் செடி இடுப்புயரம் நின்றது. உச்சிச் செடி முழங்காலைத் தாண்டவில்லை; தண்டு மட்டும் தடிப்பு.

"நோஞ்சானையெல்லாம் ஒதுக்குங்க" என்றார் அலுவலர்.

அக்கா விடவில்லை. "சாரே, அது நோஞ்சான் இல்ல. நான் கொட்டை பொறுக்கின அதுக்க தள்ளை மரமும் இப்படித்தான் நிக்கும். மேல அடிக்கிற காத்துக்கு நெட்டையா நின்னா பிழைக்குமா?"

"நீங்க எந்த காலேஜ்ல படிச்சீங்க?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? "அக்கா, வண்டி வெயிலுல கிடக்கு. வாய மூடிட்டு ஏறும்" என்றேன். நெட்டையாகப் பார்த்து ஏற்றியது என் கைதான். ரப்பர் கன்று எடுக்கப் போனாலும் நாங்கள் நெட்டையைத்தான் எடுப்போம்.

அக்கா ஒரு கூடைக் குட்டைச் செடிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்து, தன் வீட்டுக்குப் பின்னால் நட்டார்.

ஆனிக் காற்றில் நெட்டைகள் முறிந்து கருகின. மறுவருடம் திரும்பவும் நெட்டை. திரும்பவும் சாவு. அக்காவின் குட்டைகள் மட்டும் தரையோடு அமர்ந்து நின்றன.

மூன்றாவது மழைக்காலம். பேறுகாலத்துக்கு மகள் வந்திருந்தாள். மதியம் மூன்று மணி இருக்கும். பின்பக்கம் கல் உருளும் சத்தம்.

"லேய்! மண்ணு வருது! உனக்க மகள தூக்கு!" என்று கூப்பாடு போட்டபடி அக்கா உள்ளே ஓடி வந்தார்.

மகளால் ஓட முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். முற்றத்தில் சேறு கணுக்காலுக்கு வந்துவிட்டது. நான் ஜீப் பக்கம் இழுத்தேன்.

"அங்கன வேண்டாம், பாதை போச்சு! எனக்க வீட்டுக்கு வா!"

பத்தடி தூரம். அதற்குள் மகள் இரண்டு முறை வழுக்கினாள். அக்கா வீட்டு வாசலில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். என் அடுக்களைச் சுவரைத் தள்ளிக்கொண்டு மண் உள்ளே போனது. மகள் படுத்திருந்த கட்டில் மூடிப்போனது.

அக்கா வீட்டுக்குப் பின்னால் மண் நின்றது. குட்டைச் செடிகள்தான் நிறுத்தின என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. செடி பிழைத்த இடம் நின்றது, செத்த இடம் இறங்கியது. கண்ணால் பார்த்தேன்.

பிறகொரு நாள் தாவரவியல் வாத்தியார் ஒருவர் என் ஜீப்பில் வந்தார். மரம் நிற்கும் மலையின் உயரத்துக்கு ஏற்ற உடல்வாகு தலைமுறை தலைமுறையாக விதைக்குள் இறங்கியிருக்கும், கீழே வளர்த்தாலும் போகாது என்றார். அக்கா சொன்னதும் அதுதான். அன்று சிரித்தோம்.

பேரன் பிறந்ததும் அக்கா தூக்கிப் பார்த்தார். "இவனும் குட்டையாத்தான் இருக்கான். ஒதுக்கிப் போடுவியா மக்கா?" என்றார். அப்போதுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனிக் காற்று கிளம்பினால் நாற்றங்காலில் சிரித்த அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் விழுகிறது.

சரிவில் மறுபடி நடப்போகிறார்களாம். போய்ப் பார்த்தேன். அதே நெட்டை வரிசை.

அலுவலரே, என் தப்பை நான் இங்கே எழுதி, அச்சில் ஒத்துக்கொண்டுவிட்டேன். நீங்கள் எங்கள் லைன் வீட்டு முற்றத்துக்கு வாருங்கள். எல்லார் முன்னாலும் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: இந்தத் தடவை கொட்டை பொறுக்கியது மலையின் எந்த உயரத்தில் நிற்கும் மரத்தடியில்?