மூன்றாவது சங்குக்குக் காத்திருந்தவர்

ஊரில் என் ஒரே தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டையும் போடவேண்டிய நாத்தனார் நான் ஒருத்திதான். நாங்கள் இருக்கும் அந்தமானிலோ, ஹேடோ துறைமுகத்தில் கப்பல் இன்று கிளம்பும், நாளை கிளம்பும் என்று இழுத்தடித்ததில் நான் அழாத குறை. என் கணவர் எப்படியோ விமானத்தில் இரண்டு இடம் வாங்கிவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் மெட்ராசில் இறங்கிவிடலாம். அதோடு கவலை விட்டது என்று நினைத்தேன்.

தலைவலியே அதற்குப் பிறகுதான். மீனம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு எதில் போவது? நான் பஸ் என்றேன். பாரிமுனைக்குப் போனால் ஒன்றை விட்டால் இன்னொன்று கிடைக்கும். பஸ்ஸில் எனக்குக் குமட்டும் என்பது உண்மைதான், குமட்டினால் குமட்டட்டும். இவருக்கோ ரயில்தான் வேண்டும். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், ரயிலைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. படுத்துக்கொண்டே போகலாம், கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம் என்று ஆபீசில் மெயின்லேண்ட்காரர்கள் உசுப்பேற்றிவிட்டிருந்தார்கள்.

"பஸ்ல ராத்திரி பூரா உக்காந்து வந்தா, காலையில மேடையில எப்படி நிப்பே?" என்று கேட்டார், ஏதோ என்மேல் அக்கறை போல. நானும் ஏமாந்தேன்.

எழும்பூரில் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு டீ குடிக்க இறங்கினார். வண்டி கிளம்பப் போகிறது என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"அரே, சும்மா இரு. இன்னும் முதல் சங்கே ஊதல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தீவில் கப்பல் மூன்று முறை சங்கு ஊதும். முதல் சங்குக்கு மூட்டையைத் தேடுவார்கள், இரண்டாவதுக்கு அழுவார்கள், மூன்றாவதுக்குப் பிறகுதான் ஏணியைத் தூக்குவார்கள். இந்த மனிதர் ரயிலுக்கும் அதே கணக்குப் போட்டு நிதானமாக டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார்! டிக்கெட் வேறு அவர் சட்டைப்பையில். கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்று நான் இறங்கி ஓடினேன். கார்டு விசில் அடித்தார், எஞ்சின் ஒருதரம் கூவியது, வண்டி நகர்ந்துவிட்டது.

"ஒரே தடவைதான் ஊதினான்" என்றார், கையில் கிளாசோடு. அந்தக் கிளாசைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது எனக்கு.

பாரிமுனைக்கு ஓடி, கடைசி பஸ்ஸில் கடைசி சீட் பிடித்தோம். விழுப்புரம் தாண்டி ஒரு டயர் வெடித்தது, மதுரைக்கு இப்பால் இன்னொன்று. வழியெல்லாம் குமட்டல். "ரயில்ல போயிருந்தா இந்நேரம்..." என்று ஒருதரம் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். என் பட்டுப்புடவை இருந்த பெட்டி மட்டும் சொகுசாக ரயிலில் போய்க்கொண்டிருந்தது.

கசங்கிய நூல்புடவையோடு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. "ஏட்டி, பிளேன்ல வாறேன்னு எழுதிட்டு இம்புட்டு நேரமா?" என்றாள் அம்மா. சித்தப்பா மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நல்ல நேரம் போகுதுன்னு சொன்னாவ. உங்க முடிச்ச நானே போட்டுட்டேன்."

அவள்மேல் என்ன தப்பு? "இறுக்கிப் போட்டியாட்டி?" என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது.