அடுக்களைக் கதவுக்கு வந்தவர்

பூனைக்குட்டி அடுப்பு மேடையில் ஏறி மீசையைப் பொசுக்கிக்கொண்ட மறுநாள், எங்கள் தென்காசி வீட்டு அடுக்களைக்குக் கதவு போட இலஞ்சியிலிருந்து ஒரு தச்சர் வந்தார். ஒல்லியானவர். எதையும் சொல்வதற்கு முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார்.

தட்டிவிட்டு, "கதவு வேண்டாம்க்கா. மேடைக்கு மேல உள்ள ஜன்னல்ல வேடிக்கை பாக்கத்தான் குட்டி அங்கன ஏறுது. வேற ஒசரம் குடுங்க" என்றார்.

கூடத்து ஜன்னலை ஒட்டி, மேடையைவிட ஒரு சாண் கூடுதல் உயரத்தில் பலகை அடித்தார். உடனே குட்டி அதில் தாவி ஏறி, தென்னையில் ஓடும் அணிலைப் பார்த்தது.

"வீட்டுல பூனை வளக்கியளா அண்ணாச்சி?"

"பூனைன்னா எனக்குப் பயம்லா! வந்ததுலேருந்து எங்க தாவுமோன்னு அது மேலயே கண்ணு வச்சிருந்தேன்" என்று வாசலுக்கு நழுவினார்.

குட்டி பிறகு அடுப்புப் பக்கம் போகவே இல்லை. ஒரு மாதமாக அதை மடியில் வைத்துக் கொஞ்சிய எனக்கு இது ஏன் தெரியவில்லை என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.