பிரிக்காத பை

என் தம்பி மனைவிக்கு நாங்கள் வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பள்ளிக்கூட அறையில் எழுந்து நின்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

போன வருஷம் விவசாய அதிகாரி ஆண்களைக் கூட்டி, புதுச் சோள விதையைப் பற்றி விளக்கி, போட்டுப் பார்க்கச் சொல்லித் தம்பியிடம் மட்டும் ஒரு பை கொடுத்தார். விதைப்பதற்குள் அவன் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். "நீயே விதைச்சிடு" என்று கட்டிலில் படுத்தபடி மனைவியிடம் சொன்னான். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் சோளமெல்லாம் கருகியது; அவன் வயல் மட்டும் கதிர் தள்ளியது. அதைப் பார்த்துத்தான் தெருவே புது விதைக்குத் தாவத் தயாரானது. நான் ஒரு படி மேலே போய், எடுத்து வைத்திருந்த பழைய விதையை மாவாக அரைத்துவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம்.

அன்று அதிகாரி எல்லாருக்கும் விதை கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். தம்பி முன்வரிசையில் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அந்த விதைய நான் விதைக்கவே இல்லைங்க," என்றாள் அவள். கூடைக்குள்ளிருந்து பையை எடுத்து மேசையில் வைத்தாள். தையல்கூடப் பிரிக்கவில்லை.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. "என்னடி சொல்ற?"

"எப்படி விதைக்கணும்னு உங்களுக்குத்தானே சொன்னாங்க? எனக்கு யாரு சொன்னா? இருக்கிறது ஒரு துண்டு நிலம். தப்பாப் போனா புள்ளைங்க என்னத்தத் திங்கும்? பழைய விதையையே போட்டேன். நீங்க பெருமை பேசினப்ப எனக்கு வாய் வரல. இப்ப என் வயல நம்பி எல்லாரும் இறங்குறாங்களே!"

"அப்ப இத யாருமே போட்டுப் பாக்கலையா?" அதிகாரி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய விதைன்னா எங்களுது மட்டும் ஏன்டி கருகுச்சு?" நான் கத்தினேன்.

"தெனமும் ஆத்துலேர்ந்து கொடம் கொடமா சொமந்து ஊத்தினேனே அக்கா. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அடக் கடவுளே! பார்த்தோம். என் வாசலைத் தாண்டித்தான் போவாள். "இவளுக்கு வேற வேலையில்ல" என்று நானே சிரித்திருக்கிறேன்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விதையெல்லாம் அரைச்சுட்டேனே. இப்ப என்னத்தடி விதைப்பேன்?"

"விதை எங்கிட்ட இருக்கு, தர்றேன்," என்றாள். "தண்ணிய யாரு சொமக்கிறது அக்கா?"