அம்மா கேட்ட நம்பர்

கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் போனிலேயே வழி சொல்லிச் சரிசெய்வது என் வேலை. அடி அண்ணாமலையில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தின் சத்தம் லைனில் கேட்கக் கூடாதென்று ஜன்னல், கதவெல்லாம் சாத்திவிடுவேன். அறை அனலாகும். எனக்கு எரிச்சல் தலைக்கேறும்.

போன பௌர்ணமியன்று அம்மா கதவைத் திறந்தாள். கன்றுக்குட்டி போட்டோவைச் சித்திக்கு அனுப்ப வரவில்லையாம்.

"எத்தனை தடவ சொல்றது? மண்டையில ஏறவே ஏறாதா உனக்கு?" என்று கத்தினேன்.

அதற்குள் ஒரு கால் வந்தது. வயதான பெண்மணி ஒருவர், பிளக்கையே சொருகாமல் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றார்.

"பரவால்லைங்கம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான். மெதுவா பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்."

நாங்கள் பேசுவதெல்லாம் பதிவாகிறது. குரல் உயர்ந்தால் மேலாளர் கூப்பிட்டுக் கேட்பார். என் பொறுமையின் லட்சணம் அவ்வளவுதான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், அம்மா போனைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தாள்.

"அந்தம்மா கூப்ட்ட நம்பர எனக்கும் குடுடா. நானும் அதுலயே கேட்டுக்கறேன்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் நானும் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.